அம்மை இறங்கிய பின் ஊற்றிய சக்கரம்

மகனே,

கோயம்புத்தூரில் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பக்கத்தில் ஆட்கள் இருந்தால், பிறகு தனியாக உட்கார்ந்து படி. கடிதம் நீளமானது. எதையும் நேராகச் சொல்லிப் பழகாதவன் நான் என்பதை நீ பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறாய். அதனால் வகுப்பு தொடங்குமுன் கரும்பலகையில் எழுதிப் போடுவதுபோல, சொல்ல வேண்டியவற்றை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். நடுவில் நான் வழி தவறினாலும் நீ தவறமாட்டாய்.

1. வெண்ணந்தூர் முத்துக் கவுண்டருடைய ஆயில் இன்ஜினுக்கு நாம் வார்த்துக் கொடுத்த சக்கரம் உடையக்கூடியது. அது ஓடும்போது உடைந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பிழைக்க மாட்டார்கள்.

2. இரும்புக்கு நாம் போடும் மருந்துக்கு நான் வைத்த பெயர்தான் இதற்குக் காரணம்.

3. இரும்பைச் சோதிக்க வார்த்து, நீ பையில் எடுத்துப் போயிருக்கும் ஆப்புத் துண்டைக் காட்டி அங்கே யாருக்கும் வாக்குக் கொடுக்காதே.

4. உலைக்காரர் செங்கோடன் மேல் குற்றமில்லை. அவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது.

5. நீ உடனே திரும்பி வந்து, அந்தச் சக்கரத்தை நிறுத்தும்படி கவுண்டரிடம் சொல்ல வேண்டும். என் சொல் அங்கே எடுபடாது.

ஊருக்குக் கிளம்பும்போது, "சும்மா நாற்காலியில உக்காந்திருங்கப்பா, அது போதும்" என்று பட்டறையை என்னிடம் ஒப்படைத்துப் போனாய். நானும் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் போனேன். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு உலைக்களத்தில் வேறென்ன வேலை? ஆனால் புதன்கிழமை அங்கே ஒன்றைப் பார்த்தேன். உனக்குத் தெரிந்ததையே மறுபடியும் எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள். அடியிலிருந்து எழுதினால்தான் என் மனதில் ஒழுங்கு வரும்.

உருகிய இரும்பில் கரி கரைந்திருக்கிறது. ஆறும்போது அந்தக் கரிக்கு என்ன ஆகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பென்சில் முனையில் இருக்கிறதே, அந்த வகைக் கரியாக அது தனியே பிரிந்து, மெல்லிய இதழ் இதழாக இரும்புக்குள் படிந்தால், முறிக்கும் இடம் சாம்பல் நிறமாக இருக்கும். அந்த இரும்பை அரம் பிடிக்கும், லேத்தில் கடையலாம், அதிர்ச்சியையும் அது ஓரளவு தாங்கும். பிரிய அவகாசமில்லாமல் கரி இரும்போடேயே பிணைந்து இறுகிவிட்டால், முறிவு வெள்ளையாகப் பளபளக்கும். கண்ணாடிபோலக் கடினமாக இருக்கும், கண்ணாடிபோலவே உடையும். மெல்லிய பாகங்கள் சீக்கிரம் ஆறுகின்றன, ஆகவே அவைதான் முதலில் வெள்ளையாகின்றன. ரயில் பிரேக் கட்டையும் உடைந்த இரும்பு அண்டாவும் கலந்து உருக்கும் நமக்கு ஆரம்பத்தில் பாதி உருப்படி வெள்ளையாகவே வந்தது. லேத்துக்காரர் உளி மழுங்கித் திருப்பி அனுப்பினார். அப்போதுதான் ஒரு பழைய ஆங்கில சஞ்சிகையில் நான் அந்தக் கட்டுரையைப் படித்தேன். சிலிக்கன் கலந்த இரும்பைக் கல் உப்பு அளவுக்கு இடித்து, வாளியில் பிடித்த இரும்பின்மேல் தூவிக் கலக்கினால், கரி ஒட்டிக்கொண்டு வளர எங்கும் சிறு புள்ளிகள் கிடைக்கின்றன. கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாகுக்குள் நூல் கட்டித் தொங்கவிடுவது போன்ற காரியம். ஆனால் நூல் நிலைத்து நிற்கும், இந்தப் புள்ளிகள் நிற்பதில்லை. வாளியிலேயே வைத்திருந்தால் அவை இரும்பில் கரைந்துபோகும், மருந்து போடாத இரும்பும் போட்ட இரும்பும் ஒன்றாகிவிடும். தூவியவுடன் ஊற்ற வேண்டும் என்று கட்டுரையின் கடைசியில் இருந்தது. நான் படித்துச் சொன்னேன், நீ கேட்டுக்கொண்டாய். நம் இருவருக்கும் தெரிந்தது பட்டறைக்கே தெரிந்ததாக நாம் நினைத்துவிட்டோம்.

பொடி முதன்முதலில் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். செங்கோடன் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது என்னுங்க தம்பி, உப்பா, துண்ணூறா?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். கட்டுரையில் இருந்த ஆங்கிலச் சொல், உடம்பில் அம்மை குத்துவதற்கும் வழங்கும் சொல். எனக்கு அது மிகப் பொருத்தமாகத் தோன்றியது. ஆசிரியன் புத்தி, உதாரணம் கிடைத்துவிட்டால் விடாது. உன் இடது கைச் சட்டையைச் சுருட்டி, அந்தத் தழும்பைக் காட்டி, "இது என்னங்க செங்கோடன்?" என்று கேட்டேன்.

"அம்மை குத்துன தழும்புங்க."

"அதேதான். இரும்புக்கும் அம்மை குத்தப்போறோம். கொஞ்சமாக் குத்திட்டா பெரிய நோவு வராது."

"குத்துனா இரும்பு அழுவுமுங்களா வாத்தியாரய்யா?" என்றார் மண் அச்சுப் பிடிப்பவர்.

"இரும்பு அழுதா நீ மொதல்ல ஓட்டம் புடி. அது கண்ணீரு காலைப் பொசுக்கிப்போடும்" என்றார் செங்கோடன். எல்லோரும் சிரித்தோம். நீ சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு என்னை ஒரு மாதிரி பெருமையோடு பார்த்தாய். அன்றிலிருந்து அது அம்மைப் பொடி. அந்தப் பெயர் அவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. வகுப்பில்கூட நான் சொன்ன எதுவும் அப்படி ஒட்டியதில்லை.

இனி புதன்கிழமை. கிணற்று உருளைகள் வார்க்கும் நாள். உலையைத் திறந்து வாளியில் இரும்பு பிடித்தார்கள். செங்கோடன் பொடியைத் தூவினார், கம்பியால் கலக்கினார். பிறகு மேலே உமிச் சாம்பலைப் போட்டு மூடி, வாளியின் பிடியில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகினார். செருகிவிட்டுப் பின்வாங்கி நின்று, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளத் தொடங்கினார். மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், யாரும் பேசவில்லை. அச்சு தயாராகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நானும் பேசாமல் இருந்தேன். அச்சைப் பார்த்தேன், தயாராகத்தான் இருந்தது. கேட்கலாமா, கேட்டால் இவருக்கு இதுகூடத் தெரியவில்லை என்று நினைப்பார்களா என்று தயங்கினேன். அவர் வெற்றிலையை மென்று முடிக்கும் நேரத்தில்தான் எனக்கு வாய் வந்தது.

"ஏனுங்க செங்கோடன், எதுக்குக் காத்திருக்கோம்?"

"அம்மை எறங்கோணுமில்லீங்க."

"எறங்கறதுன்னா?"

"என்னுங்க வாத்தியாரய்யா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? ஊட்ல அம்மை வந்தா எறங்குன பொறகுதானுங்களே தலைக்கு ஊத்தறோம்? குத்துன சூட்டோட ஊத்துனா ஆத்தா சும்மா உடுவாளா? ஒரு வாய் வெத்தலை மென்னு துப்பற நேரம் உடறேனுங்க. அதுக்கு மேல உட்டா இரும்பு ஆறிப்போயிரும்."

"இப்படிச் செய்யணும்னு யார் சொன்னாங்க?"

"யாரு சொல்லோணும்? அம்மைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. உள்ளபடியே எனக்கு ஞாபகப்படுத்தினார். நம் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்பு இல்லை, வீட்டுப் பொருள் வெளியே போகாது. அம்மை முத்து இறங்கும்வரை காத்திருந்து, இறங்கியபின் தண்ணீர் ஊற்றுவார்கள். தலைக்கு ஊற்றுவதும் ஊற்றுதல்தான், அச்சில் இரும்பு விடுவதும் ஊற்றுதல்தான். அம்மை என்றும் ஊற்று என்றும் இரண்டு சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த மண்ணில் பிறந்தவர்கள் காத்திருப்பார்கள். இதைச் சொன்ன நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். ஆனால் அந்த நேரத்தில் நான் ஆங்கிலச் சஞ்சிகைக்குள் இருந்தேன்.

அடுத்த வாளியில் நான் ஒரு காரியம் செய்தேன். நீ எப்போதும் வார்க்கும் ஆப்புத் துண்டு, ஒரு புறம் தடித்து மறுபுறம் கூராக முடியுமே, அதில் இரண்டு வார்க்கச் சொன்னேன். ஒன்று பொடி தூவிய உடனே, மற்றொன்று செங்கோடன் வெற்றிலை மென்று முடித்த பிறகு. ஆறியதும் இரண்டையும் சம்மட்டியால் முறித்தோம். முதல் துண்டில் கூர் முனையில் மட்டும் நகக்கண் அளவு வெள்ளை, மற்றதெல்லாம் சாம்பல் நிறம். இரண்டாவதில் பாதிக்கு மேல் வெள்ளை. செங்கோடன் இரண்டையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே வாளிங்களா?"

"ஒரே வாளிதான்."

அவர் அப்படியே மண்ணில் குந்திவிட்டார். "சக்கரத்துக்கும் இப்படித்தானுங்களே உட்டேன்" என்றார். வெள்ளைத் துண்டைக் கீழே வைத்துவிட்டு, "பெரிய வாளி, பெரிய சாமான். எறங்க இன்னுங் கொஞ்ச நேரம் புடிக்கும்னு ரெண்டு வாய் வெத்தலை போட்டனுங்க" என்றார்.

சண்டை வந்து கப்பல் நின்றுபோனதிலிருந்து சீமைச் சாமான் எதுவும் வருவதில்லை. அதனால்தான் கவுண்டர் உடைந்த சீமைச் சக்கரத்தை வண்டியில் போட்டுக்கொண்டு உன்னிடம் வந்தார். உன் முதல் பெரிய வார்ப்படம் அது. நீ அச்சுப் பக்கம் நின்றாய். வாளிப் பக்கம் செங்கோடன். பொடி தூவியவுடன் ஒரு கரண்டி மொண்டு ஆப்பு அச்சில் ஊற்றச் சொன்னாய், ஊற்றினார்கள். அதன்பிறகு வாளி காத்திருந்தது. நீ அச்சின் வாயைச் சரிபார்ப்பதில் இருந்தாய், எல்லாச் சத்தத்துக்கும் நடுவில் அந்தக் காத்திருப்பு உனக்குத் தெரிந்திருக்காது. மறுநாள் ஆப்பை முறித்தாய், சாம்பல் நிறம், உத்தமமான இரும்பு. சக்கரத்தின் நடுக் குடமும் வெளி வட்டும் தடித்தவை, மெதுவாக ஆறியவை. லேத்திலும் அவை தொந்தரவில்லாமல் கடைந்து வந்தன. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஆரக்கால்கள் மெல்லியவை. அவற்றை யாரும் கடையவில்லை, யாரும் முறித்துப் பார்க்கவும் இல்லை. உன் பையில் இருக்கும் ஆப்புத் துண்டு தன்னைப் பற்றி மட்டும் சரியாகச் சொல்கிறது. இனி எப்போதும் ஆப்பைக் கடைசியில் ஊற்று, அச்சுக்கு ஊற்றியபின் வாளியின் அடியில் மிஞ்சும் இரும்பை மொண்டு ஊற்று. உனக்கு நான் கொடுக்கும் யோசனைகளில் நான் உறுதியாக நம்புவது இது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஏனுங்க, அம்மைன்னா ஊரே கைகட்டி நிக்குமே. ஒலகத்துல வேற பேரே கெடைக்கலீங்களா உங்களுக்கு?" என்றாள்.

"பாலுக்கு உறை குத்துவதுன்னு சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"நல்லாருக்குது. அப்ப விடிஞ்சுதான் வந்து ஊத்துவாங்க." முறத்தை வைத்துவிட்டு யோசித்தாள். "போட்ட ஒடனே கொட்டறது ஒண்ணுதானுங்க இருக்குது. தாளிப்பு. கடுகு வெடிச்சப்புறம் எவளாவது வெத்தலை போட்டுக்கிட்டு நிப்பாளா?"

மறுநாள் செங்கோடனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மை இருக்கற ஊட்ல தாளிக்கவே கூடாதுங்களே" என்றார். பிறகு தலையை ஆட்டினார். "செரிங்க, இனி தாளிப்புன்னே வெச்சுக்கலாம். கை தானா ஓடும்." இப்போது உன் பட்டறையில் அதற்குத் தாளிப்பு என்று பெயர். நீ வந்ததும் குழம்பிப் போகாதே, மாற்றியும் விடாதே. செங்கோடன் செய்தது மூடத்தனம் என்று உனக்குக் கோபம் வரும். வரும் என்று எனக்குத் தெரியும், உன் கோபம் என் பக்கத்துக் கோபம் அல்ல, உன் அம்மா பக்கத்துக் கோபம். ஆனால் யோசித்துப் பார். நாம் கொடுத்த சொல்லுக்கு அவர் முழு மரியாதை கொடுத்தார். அதை நம்பி, அந்த அனலில் நின்று, எல்லோரையும் வாய் மூட வைத்துக் காத்திருந்தார். அவரை அனுப்ப வேண்டுமானால் அந்தச் சொல்லைக் கொடுத்தவனையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இங்கே உன் கல்யாணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாழப்பாடியில் பெண் வீட்டில் முதல் பந்திக்கு முன் சமையல்காரர் என்னைக் கூப்பிட்டுச் சாம்பாரை ருசி பார்க்கச் சொன்னார். உப்பே இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் சம்பந்தி பக்கத்தில் நின்றார், அவர் ஏற்பாடு செய்த சமையல்காரர். "நன்றாக இருக்கிறது, கொஞ்சம்… ஆனால் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு பந்தி முழுவதும் உப்பில்லாமல் சாப்பிட்டு எழுந்தது. உன் தாய்மாமன் கை கழுவும்போது, "மாப்ளை ஊட்டுக்காரங்க ரோசமில்லாம இருக்கோணும்னு உப்பக் கொறைச்சுப் போட்டாங்களாட்ட இருக்குது" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த 'கொஞ்சம்… ஆனால்' என்பதுதான் என் ஆயுள் முழுக்க நான் பேசிய பேச்சு. வகுப்பறைக்கு அது போதும். விடை சரியா தவறா என்று புத்தகம் சொல்லிவிடும், ஆசிரியன் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று வெண்ணந்தூர் போனேன். பெட்ரோல் கிடைக்காமல் இப்போது கரியில் ஓடும் பஸ்ஸில் மல்லூர் வரைக்கும், அங்கிருந்து ஒரு மாட்டு வண்டி. பையில் ஒரு அரம் வைத்திருந்தேன். கவுண்டருடைய கிணறு ஊருக்குக் கிழக்கே. சுற்றிலும் மிளகாய்ச் செடி, பங்குனி வெயிலில் இலை சுருண்டு தொங்கியது. இன்ஜின் கொட்டகை கிணற்று மேட்டில், தென்னங்கீற்றுச் சுவர். இன்ஜினுக்கு ஊற்றும் கர்டாயில் எண்ணெய் தீர்ந்து இன்ஜின் நின்றிருந்தது. நம் சக்கரத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அதற்கு நேர் எதிரே, இரண்டு எட்டில் தொட்டுவிடும் தூரத்தில், விட்டத்தில் ஒரு தூளி தொங்கியது. கவுண்டருடைய மருமகள் அதை ஆட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கைக்குழந்தை சிணுங்கியது.

"வாங்க வாத்தியாரய்யா! உங்க பையன் செஞ்ச சக்கரத்தைப் பாக்க வந்தீங்களாக்கும்? பூவாட்ட ஓடுதுங்க" என்றார் கவுண்டர். அவருக்கு உன்மேல் எவ்வளவு பிரியம் என்று நீ பார்த்திருக்க வேண்டும். மோர் வரவழைத்தார். சீமைக்காரன் சக்கரத்தைவிட இது சத்தம் குறைவு என்றார். நான் தூளியைக் காட்டி, "குழந்தைக்கு இன்ஜின் சத்தம் ஆகாதுங்களே" என்றேன். அதைச் சொன்னால் தூளியையாவது எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சத்தம் இல்லாட்டித்தானுங்க அழுவறான். இஞ்சின் ஓடுனாத்தான் தூங்கறான். கர்டாயில் தீந்ததுல இருந்து எங்களத் தூங்க உடறதில்லீங்க."

நான் அரத்தை எடுத்துச் சக்கரத்தின் ஓர் ஆரக்காலின் விளிம்பில் வைத்து இழுத்தேன். அரம் பிடிக்கவில்லை. கண்ணாடித் தம்ளரின்மேல் இழுத்ததுபோல வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு காலிலும் இழுத்தேன், அதிலும் வழுக்கியது. குடத்தில் இழுத்தபோது மட்டும் பிடித்துப் பொடி உதிர்ந்தது.

"என்னுங்க, சாணை புடிக்கறீங்களா?" என்றார் கவுண்டர்.

அந்த இடத்தில் நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன். இரும்பில் இரண்டு விதம் உண்டு என்றேன். இந்தச் சக்கரத்தின் சில பாகங்கள் ஒருவேளை எதிர்பார்த்தபடி அமையாமல் இருக்கலாம் என்றேன். கொஞ்ச நாள் ஓட்டாமல் வைத்திருந்தால் நல்லது, ஆனால் அவசரம் இல்லை என்றேன். கவுண்டர் சிரித்த முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார், அப்புறம் முகம் மாறியது.

"ஒடையுமுங்களா, ஒடையாதுங்களா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

"அப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியாதுங்க."

"சொல்ல முடியாதுன்னா நானெப்படிங்க நிறுத்தறது? செடியப் பாத்தீங்கல்ல? கர்டாயிலுக்கு எழுதிக் குடுத்துப்போட்டு ஆபீசு ஆபீசா நடக்கறேன், அது வந்தா அன்னைக்கே ஓட்டியாகோணும். உங்க பையன் வந்து வேண்டாம்னு சொல்லட்டும், அந்த நிமிசமே கழட்டிப்போடறேன். செஞ்சவன் சொன்னாத்தானுங்க சரி." பிறகு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, "நீங்க படிச்சவங்க, ரொம்ப யோசிக்கறீங்க. வெயில்ல வேற வந்துட்டீங்க" என்றார். மருமகளிடம் ஒரு கூடை மிளகாய் பறித்து வரச் சொல்லி என்னிடம் கொடுத்தனுப்பினார்.

நான் ஏன் சொல்லவில்லை என்று வண்டியில் வரும்போதெல்லாம் யோசித்தேன். நிச்சயமாகத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆரக்கால் வெள்ளை என்பது தெரியும், அது எப்போது விரிசல் விடும் என்பது தெரியாது. அடுத்த மாதமா, அடுத்த வருஷமா, ஒருவேளை விடாமலேயே போகுமா? தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வது படித்தவனுக்கு அழகல்ல என்று நினைத்தேன். ஆனால் அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. அந்தச் சக்கரத்தை மாலை போட்டு மாட்டு வண்டியில் கடைவீதி வழியாக நீ கொண்டுபோனபோது, "வாத்தியார் மவன் இரும்புல எழுத்துப் பழகறான்" என்று கேலி பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். என் வாயால் அந்தச் சக்கரம் உதவாது என்று சொன்னால், அவர்கள் மறுபடியும் உட்கார்ந்துகொண்டு சிரிப்பார்கள். நீ கோயம்புத்தூரில் அந்த ஒரு சக்கரத்தைச் சொல்லி இன்னும் சக்கரங்களுக்கு ஆர்டர் கேட்டுக்கொண்டிருக்கிறாய். உன் பிழைப்பை என் நாக்கால் முறிப்பதா என்று இருந்தது. ஆகவே நீயே வந்து சொல்வதுதான் முறை, உன் பேர் உன் கையில் இருக்கட்டும், கர்டாயில் வருவதற்கும் நாளாகும், அதற்குள் நீ வந்துவிடுவாய் என்று முடிவு செய்து, இன்று காலை சாப்பிட்டதும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

மேலே உள்ள வரி வரை எழுதியிருந்தபோது செங்கோடன் வாசலில் வந்து நின்றார். கடைவீதியில் வெண்ணந்தூர் நெசவுக்காரர் ஒருவரைப் பார்த்தாராம். கவுண்டருக்குக் கர்டாயில் வந்துவிட்டது, நாளைக் காலையில் இன்ஜினை ஓட்டுகிறார்கள்.

"தம்பிக்கு எழுதிக்கிட்டுதான் இருக்கேன். வந்துடுவான்" என்றேன்.

செங்கோடன் மேசைமேல் இருந்த காகிதங்களைப் பார்த்தார். "கடுதாசி கோயமுத்தூரு போயி, தம்பி அதப் படிச்சுப்போட்டு ரயிலேறி வரங்காட்டியும், அந்தக் கொழந்தை தூளிய உட்டு எறங்கி நடந்துருமுங்க" என்றார்.

உள்ளே இருந்து உன் அம்மா வந்தாள். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்து, "ஏனுங்க செங்கோடன், சாயங்கால பஸ்ஸு எத்தனை மணிக்குங்க? அவிய எழுதட்டும். எழுதி முடிக்க நாளைக்கு ஆவும். நானு உங்ககூட வாரேன். ஒடையும்னு ஒத்த வார்த்தைதானுங்களே? எனக்குச் சொல்லத் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் மாற்றுச் சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கிவிட்டாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செங்கோடனும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "செரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு வாசலில் நிற்கிறார்.

மகனே, நான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஐந்தாவது குறிப்பு தவறு. என் சொல் அங்கே எடுபடாது என்று எழுதியிருக்கிறேன். எடுபடாமல் போவதற்கு நான் ஒரு சொல்லும் அங்கே சொல்லவில்லை. கவுண்டர் கேட்ட ஒற்றை வார்த்தை என்னிடம் இருந்தது, அரம் வழுக்கிய அந்த நிமிஷத்திலேயே இருந்தது. அதை வைத்துக்கொண்டு, செஞ்சவன் வந்து சொல்லட்டும் என்று அவர் சொன்னதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, மிளகாய்க் கூடையோடு வீடு திரும்பினேன். உடையும் நாள் தெரியாது என்பது உண்மை. ஆனால் அவர் நாளைக் கேட்கவில்லை. உடையுமா என்று கேட்டார்.

நீ உடனே வர வேண்டியதில்லை. உன் வேலையை முடித்துக்கொண்டு வா. அங்கே யாரிடமாவது ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தால், என்ன நடந்தது என்று அவர்களிடம் நீயே சொல். என்ன சொல்வதென்று நான் எழுதித் தரமாட்டேன், எனக்கே இப்போதுதான் தெரிகிறது. கடைவீதியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து தாங்கலாம். கவுண்டருக்கு வேறு சக்கரம் வார்க்கும்வரை அவர் கவலை ஏற்றம் கட்டி மாட்டால்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். பாதி மிளகாய் காய்ந்துபோகும். அவர் உன்மேல் வைத்திருக்கும் பிரியம் இன்று மாலை குறையும். அதற்குப் பரிகாரமாக என்னால் எதுவும் சொல்ல முடியாது.

இந்தக் கடிதத்தைப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஏறப்போகிறேன். உன் அம்மாவும் வருகிறாள், நான் வழியில் மனம் மாறிவிடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கும்தான். அதனால் அங்கே சொல்லப்போவதை ஒருமுறை இங்கே எழுதிப் பார்க்கிறேன். "கவுண்டரே, இந்தச் சக்கரம் உடையும். நாளைக்கு ஓட்டாதீங்க."

அவ்வளவுதான். இதில் 'ஆனால்' இல்லை.

உன் அப்பா